இங்கிலாந்தின் ஈம் கிராமத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

Eyam என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஏயம்’ என்று படித்துவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் ‘ஈம்’ என்றுதான் சொல்வார்கள். டார்பிஷயர் மலைப்பகுதியில், ஒருகாலத்தில் ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த சிற்றூர்.

1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. அதில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பார்கள். செப்டம்பரில் அங்கே வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் கொள்ளைநோயால் (பிளேக்) இறந்தார். மறு ஆண்டு ஜூனில், பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊராரிடம் பேசியதில், நோய் வெளியே பரவாதபடி ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. யாரும் எல்லை தாண்டக் கூடாது. சுமார் 260 பேர் மாண்டார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர்.

போனால் முதலில் எல்லைக்கல்லைப் பாருங்கள். மேலே குழிகள் இருக்கும். அன்று ஈம் ஊரார் அவற்றில் காடி (வினிகர்) ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்கள். பக்கத்து ஊரார் சாமான்களை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். கிருமி பற்றி எதுவும் தெரியாத காலத்தில் இந்த யோசனை!

ஊருக்குச் சற்று வெளியே ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். எனக்கு இதுதான் மனசை விட்டு அகலாதது.

தேவாலய வளாகத்தில் கேத்தரினின் கல்லறையும், கொள்ளைநோய்க்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சாக்சன் கற்சிலுவையும் உண்டு. நோய்க்காலத்தில் கோயிலைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தில் திறந்தவெளியில் தொழுதார்கள். இன்றும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அங்கே நினைவு வழிபாடு நடக்கிறது.