பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோகுமுன்: கேள்வி பதில்

மாடிஃபை செய்த ஸ்போர்ட்ஸ் கார்களில் போனட்டுக்குள் இருக்கும் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கார் வயரிங்தான் என் தொழில். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்கிறேன். டிக்கியில் பெட்டியைப் பொருத்துவது சின்ன வேலை. கேபிள், எர்த், ஃபியூஸ் மூன்றும்தான் பெரிய வேலை. பதில்களும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, பேட்டரியைப் பின்னால் மாற்றினால் ஓட்டும்போது நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. 15 கிலோ பேட்டரி, 1,100 கிலோ கார், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை 3 மீட்டர் பின்னால் தள்ளினால் முன் ஆக்சிலிலிருந்து குறையும் எடை 15 × 3 ÷ 2.4, அதாவது கிட்டத்தட்ட 19 கிலோ. அது அப்படியே பின் ஆக்சிலில் ஏறும். முன்னால் 55 சதவீதமாக இருந்த எடை 53.3 சதவீதம் ஆகும். மூக்கு கனமான காரில் வளைவுக்குள் திருப்பும்போது இது ஸ்டீயரிங்கில் தெரியும். பின்சக்கர இழுவை என்றால் கிளம்பும்போது பிடிமானமும் கொஞ்சம் கூடும். முன்சக்கர இழுவைக் காரில் இழுக்கிற சக்கரத்தின் மேல் இருந்த எடையையே எடுக்கிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 50 சதுர மி.மீ. கேபிள் 5 மீட்டர் போட்டால் அதிலுள்ள செம்பு மட்டுமே இரண்டேகால் கிலோ வரும். பெட்டி, கிளாம்ப், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்தால் காரின் மொத்த எடை கூடத்தான் செய்யும். எடையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இடத்தை மாற்றாதீர்கள். முன்னாலேயே சின்ன பேட்டரி போடுங்கள்.

கேள்வி: டர்போ பைப் போக இடமில்லை. அதற்காக மாற்றுவது சரியா?

தாராளமாக. என்னைக் கேட்டால் எடைப் பங்கீட்டை விட இதுதான் நல்ல காரணம். டர்போவின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் குறையும். அந்தப் பிரச்சினையும் இதோடு போய்விடும்.

கேள்வி: டிக்கியில் பேட்டரி வைப்பதே ஆபத்து என்கிறார் எங்கள் மெக்கானிக். உண்மையா?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிக்கி மட்டும் காரணமில்லை. 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் தொழிற்சாலையிலேயே பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. பிஎம்டபிள்யூவின் ஈ46 மாடலிலும் அப்படித்தான். அவர்கள் கூடவே என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். எம்எக்ஸ்-5-ல் பேட்டரியின் வாயு வெளியே போகக் குழாய் வைத்தார்கள். ஈ46-ல் பிளஸ் டெர்மினலிலேயே ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும். விபத்தில் ஏர்பேக் கம்ப்யூட்டர் சொன்னதும் அது வெடித்து, முன்னால் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைத் துண்டித்துவிடும். காரின் நீளம் முழுக்க எப்போதும் மின்சாரத்தோடு ஓடும் கேபிள் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்ததால்தான் இத்தனை ஏற்பாடு. நாம் மாற்றும்போதும் அதே கவலை நமக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: கேபிள் எவ்வளவு தடிமன் வேண்டும்? ஆம்ப்ளிஃபையருக்கு வாங்கிய 16 சதுர மி.மீ. கேபிள் மிச்சம் இருக்கிறது.

அது போதாது. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் சுமார் 150 முதல் 200 ஆம்ப் இழுக்கும். முதல் நொடித்துளியில் இன்னும் அதிகம். 200 ஆம்ப், 5 மீட்டர் என்று கணக்குப் போட்டால், நல்ல செம்புக் கேபிளில் வோல்ட் இழப்பு இப்படி வரும்: 16 சதுர மி.மீ.யில் 1.2 வோல்ட், 25-ல் 0.78, 35-ல் 0.55, 50-ல் 0.39. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10.5 வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். அதில் இன்னும் 1.2 போனால் ஸ்டார்ட்டருக்கு 9.3 வோல்ட்தான் மிஞ்சும். எஞ்சின் சூடாக இருக்கும்போது செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றும். ஸ்டார்ட்டர் மட்டுமில்லை, ஈசியூவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டருக்கும் வோல்ட் குறைவதால் ஸ்டார்ட் ஆவதே தகராறாகும்.

நான் பொதுவாக 50 போடுவேன். சின்ன நான்கு சிலிண்டர் எஞ்சின், கேபிள் 4 மீட்டருக்குள் என்றால் 35 போதும். பெரிய வி8, அதிக கம்ப்ரஷன் என்றால் 70.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும், மேலே பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கும். அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கேபிள் முனையில் போடும் லக்கை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா, கிரிம்ப் செய்யணுமா?

கிரிம்ப்தான். ஹைட்ராலிக் கருவியால் அறுகோணமாக அழுத்தியது. ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். அப்புறம் எஞ்சின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். நல்ல கிரிம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தனித்தனி இழையே தெரியாது, ஒரே செம்புக் கட்டி மாதிரி இருக்கும். சுத்தியலால் தட்டிய லக்கை அறுத்தால் நடுவில் இடைவெளி தெரியும். அதன் மேல் உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள், ஈரம் உள்ளே போகாது.

கேள்வி: மைனஸ் கேபிளையும் முன்னால் வரைக்கும் இழுக்கணுமா சார், பாடியில் எர்த் கொடுத்தால் போதுமா?

இரும்பு பாடி என்றால் போதும். டிக்கித் தரையில் தடிமனான ஒரு பகுதியில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு பிளஸ் கேபிளின் அதே தடிமனில் குட்டையான மைனஸ் கேபிளைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே துருத்தடுப்பு பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதில் மாட்டாதீர்கள். அது உயிரைப் பிடித்து வைக்கிற போல்ட். அதன் நடுவில் லக்கைச் செருகக் கூடாது.

பலர் விட்டுவிடுவது முன்பக்க எர்த். பழைய மைனஸ் கேபிளின் ஒரு கிளை எஞ்சினுக்கும் இன்னொன்று பாடிக்கும் போயிருக்கும். பேட்டரியோடு அதையும் கழற்றிவிட்டால் எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்ப ஒழுங்கான வழி இருக்காது. 200 ஆம்ப் வேறு வழி தேடிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கியர் கேபிள் வழியாகவும் ஓடி, அவற்றின் உறை உருகுகிற அளவுக்குச் சூடாகும். அதனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே புதிதாக ஒரு தடிமனான எர்த் ஸ்ட்ராப் போடுங்கள்.

பசை போட்டு ஒட்டிய அலுமினிய சேசிஸ், ஃபைபர் பாடி என்றால் பாடியை நம்பக் கூடாது. மைனஸையும் கேபிளாகவே முன்னால் வரைக்கும் இழுங்கள்.

கேள்வி: கம்பெனி கார்களில் ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸே இல்லையே. நமக்கு மட்டும் எதற்கு?

பேட்டரி முன்னால் இருக்கும்போது அந்தக் கேபிள் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது. நீங்கள் இழுப்பது 5 மீட்டர். சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்கு அடியில், இரும்பு விளிம்புகளைத் தாண்டிப் போகிறது. எங்கேயாவது உறை தேய்ந்து பாடியைத் தொட்டால் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பைக் கொட்டும். 12 வோல்ட் ஆளை ஷாக் அடிக்காது, ஆனால் கேபிளைப் பழுக்கக் காய்ச்சிவிடும். உட்காரும் இடத்துக்கு அடியிலேயே நெருப்பு. மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் கேபிளை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. மெகா வகை ஃபியூஸ் உடனே போகாமல் தாமதித்து எரியும் ரகம், செல்ஃப் அடிக்கும் சில நொடி அதிக ஆம்பைத் தாங்கும். டிசி மின்சாரத்தையும் அளக்கிற கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் செல்ஃப் இழுப்பதை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 50 சதுர மி.மீ. கேபிளும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் என்றால் பொதுவாக 250 ஆம்ப் சரியாக வரும். ஆம்ப்ளிஃபையருக்கோ ஃபியூவல் பம்ப்புக்கோ பின்னாலேயே கிளை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் கேபிளுக்கேற்ற தனி ஃபியூஸ் வேண்டும்.

கேள்வி: கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோவது?

உள்ளே, கதவுப் படியை ஒட்டி, கம்பெனி வயரிங் ஓடும் பள்ளத்திலேயே. ஏர்பேக் வயர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் உறை இருக்கும். அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சீட் முன்னே பின்னே நகரும் தண்டவாளத்துக்கு அடியில் போகக் கூடாது. இரும்பில் போடும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் குரோமெட், அதற்கு இரு பக்கமும் கிளிப். அடியில் கொண்டுபோகத்தான் வழி என்றால் சைலன்சர், டிரைவ் ஷாஃப்ட், பெட்ரோல் குழாய் மூன்றிலிருந்தும் தள்ளி, கூடுதல் உறைக்குள் போகட்டும்.

கேள்வி: சீல் பண்ணிய ஏஜிஎம் பேட்டரிதான். அதற்குமா காற்றுக் குழாய்?

ஆமாம். ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும். சீல் என்றாலும் உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 15, 16 வோல்ட் கொடுக்க ஆரம்பித்தால் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். மூடிய டிக்கியில் ஒரு ரிலே பொறி போதும். குழாய்க்கான துளை உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கத் துளையில் குழாயைச் செருகித் தரைக்கு வெளியே விடுங்கள், மறு பக்கத் துளையை அதற்கான மூடியால் அடையுங்கள். டிக்கியில் அழுகின முட்டை வாடை அடித்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்துங்கள், டிக்கியைத் திறந்து வையுங்கள், அப்புறம் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சாதாரண நீர் ஊற்றும் பேட்டரியை டிக்கியில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஸ்டெப்னி பள்ளத்தில் நான்கு ஸ்க்ரூ அடித்துப் பெட்டியை வைத்தால் நிற்காதா?

கார் நிற்கும்போது நிற்கும். மோதும்போது நிற்காது. 20 ஜி வேகக்குறைவில் 15 கிலோ பேட்டரி 300 கிலோ போல இழுக்கும். ஸ்டெப்னி பள்ளத்தின் தகடு மெல்லியது, ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ரேஸ் விதியில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: குறைந்தது 10 மி.மீ. போல்ட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டின் அடியில் 3 மி.மீ. தடிமனும் 20 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தாங்கு தகடு. ரோட்டில் ஓடும் காருக்கும் நான் இதையே செய்வேன். கிளாம்ப் பேட்டரியைப் பிடிக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் பிடித்தால் பயனில்லை.

டிக்கியின் கடைசி ஓரத்தில் வைக்காதீர்கள். பின்னால் இடித்தால் முதலில் நசுங்குவது அங்கேதான். பின் ஆக்சிலுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. ஓட்டுநருக்கு எதிர்ப் பக்கம் வைத்தால் இடது வலது எடையும் ஓரளவு சமமாகும். தரையில் துளை போடும் முன் அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டிராக்கில் ஓட்ட கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டேன். அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பேட்டரியைத்தான் துண்டித்திருக்கிறீர்கள், ஆல்டர்னேட்டர் காருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதைவிட மோசம், திடீரென்று பேட்டரி விலகும்போது ஆல்டர்னேட்டர் வோல்ட் துள்ளி எகிறும். ஈசியூ அதில் போகலாம். எஃப்ஐஏ விதிப்படி ஸ்விட்ச் எல்லா மின்சுற்றையும் துண்டித்து எஞ்சினையும் நிறுத்த வேண்டும். அதற்கென்றே ஆறு டெர்மினல் ஸ்விட்ச் இருக்கிறது. ஒரு ஜோடி பேட்டரிக்கு, இன்னொரு ஜோடி இக்னிஷனுக்கு, மூன்றாவது ஜோடி ஒரு ரெசிஸ்டர் வழியாக ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை எர்த்துக்கு வடிக்க. இப்போது இருப்பதைக் கழற்றிவிட்டு அதைப் போடுங்கள்.

கேள்வி: புது கார். மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

கூடாது. பேட்டரிக்குள் எவ்வளவு ஆம்ப் போகிறது வருகிறது என்று அதுதான் ஈசியூவுக்குச் சொல்கிறது, அதைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. அதன் வயரை நீட்டி பேட்டரியோடு டிக்கிக்குக் கொண்டுபோங்கள். எந்த எர்த் வயரையும் நேராகப் பேட்டரி மைனஸில் மாட்டாமல் சென்சாரைத் தாண்டி பாடி இருக்கும் பக்கம் மாட்டுங்கள்.

கேள்வி: இத்தனை வேலைக்குப் பதில் லித்தியம் பேட்டரி முன்னாலேயே போட்டால்?

பல கார்களுக்கு அதுதான் என் முதல் யோசனை. 15 கிலோ இருந்த இடத்தில் 4, 5 கிலோ. மொத்த எடையே குறைகிறது, கேபிள் வேலையும் இல்லை. ஆனால் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதும் அதற்கு ஆகாது. உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிற, உங்கள் ஆல்டர்னேட்டர் வோல்ட்டுக்குப் பொருந்துகிற மாடலாக எடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டேன் அண்ணா. ஆனால் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாற்றவா?

கொஞ்சம் பொறுங்கள், முதலில் அளந்து பார்ப்போம். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. மல்டிமீட்டரின் சிவப்பு முனைக்கு நீளமாக ஒரு வயரைச் சேர்த்து பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள், கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்ட் பக்கம் காட்டினால் பிளஸ் பக்கம் நன்றாக இருக்கிறது. அடுத்து ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில். இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க டிக்கி எர்த் போல்ட்டிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே வாருங்கள். பெயின்ட் சரியாகச் சுரண்டாத ஒரு போல்ட் அகப்படும்.