தமிழர் என்பதற்காக வண்டியை மறித்தால் என்ன செய்யலாம்?

ஹட்டன் பக்கம் ஆட்டோ ஓட்டும் தம்பி கேட்கிறார்: "அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் சோதனை நீளுகிறது. இது சட்டப்படி சரியா?"

சரியில்லை. லைசன், இன்சூரன்ஸ் பார்ப்பது பொலிஸின் வேலை. இனத்தாலோ மொழியாலோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை. தமிழும் அரசகரும மொழிதான். விளங்காத சிங்களத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துச் சொல்லக் கேளுங்கள். எத்தனையோ பாரம் சுமந்த என் அப்பாவின் கை, அப்படியொரு தாளின் முன் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இடம், நேரம், அதிகாரியின் இலக்கம் எல்லாவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லையா? அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.