தோட்டத்தில் ஓடும் ஃபோர் வீல் வண்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை எப்போது மாற்றுவது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் வண்டிக்கு இஞ்சின் எண்ணெய் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி எண்ணெய் உண்டு. தார்ச்சாலை வண்டிக்கு 40,000, 50,000 கிலோமீட்டர் என்று சொல்வார்கள், ஆனால் பழக்குலை ஏற்றிக்கொண்டு சேற்றில் இழுக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அதில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

ஓடிச் சூடான டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும், அப்போது காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடித்த எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) மாதிரி கலங்கி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த எண்ணெய் என்பதற்கு வண்டியின் மேனுவல்தான் பதில். சிலவற்றுக்கு 75டபிள்யூ-90 கியர் எண்ணெய், உள்ளே செயின் வைத்த பலவற்றுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்றால் நம்பாதீர்கள். அப்புறம், கீழே வடிக்கும் முன் மேலே ஊற்றும் நட்டைக் கழற்றிப் பாருங்கள், அது துருப்பிடித்து வராவிட்டால் வடித்த பிறகு வண்டியை எடுக்க முடியாது. சமதரையில் நிறுத்தி, அந்தத் துளையில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் பெரும்பாலான வண்டிகளுக்கு அளவு சரி.