இளைக்கும்போதே எடை தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. தேவகோட்டைக்கு அருகில் வசிக்கிறேன். உயரம் 155 செ.மீ. ஏழு மாதங்களுக்கு முன் 79 கிலோ இருந்தேன். இரவுப் பலகாரத்தை நிறுத்திப் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் ஊருணிக் கரையில் முக்கால் மணி நேரம் நடந்ததில் 71 கிலோவுக்கு வந்தேன். ஆறு வாரமாக அதற்குக் கீழே இறங்கவில்லை. உடம்பும் சோர்ந்து கிடக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றித்தான் எழுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. பெங்களூரில் இருக்கும் மகள், டம்பெல் வாங்கி எடை தூக்கச் சொல்கிறாள். நாத்தனாரோ, இளைத்து முடித்த பிறகுதான் அதெல்லாம், இப்போது தூக்கினால் இருக்கிற கொழுப்பு கல்லாக இறுகிவிடும், எடையும் ஏறும், தோள் ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? தூக்குவதானால் வீட்டில் சும்மா கிடக்கும் அம்மிக் குழவியையே தூக்கலாமா?

மருத்துவர் பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. இளைத்து முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், கீழே சொல்லும் ஒன்றிரண்டு பரிசோதனைகளை முடித்த கையோடு தொடங்கிவிடுங்கள். எடை தூக்கினால் கிலோ மளமளவென்று இறங்கும் என்றும் அவர் சொல்லியிருந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடல் எடையை இறக்குவது பெரும்பாலும் சாப்பாடு. இறங்குகிற எடையில் எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதில்தான் எடைப் பயிற்சிக்கு வேலை இருக்கிறது.

நீங்கள் இழந்த 8 கிலோவும் கொழுப்பு என்று எண்ணியிருப்பீர்கள். சாப்பாட்டைக் குறைப்பதையே முதன்மையாக நம்பி இளைக்கும்போது, போகிற எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பல்லாத திசுக்களிலிருந்தே போகிறது. அந்தக் கணக்கில் உங்களுக்குச் சுமார் 2 கிலோ வரை அப்படிப் போயிருக்கக்கூடும். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் தரையிலிருந்து எழும்போது தொடைக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. முப்பது வயதைத் தாண்டியதுமே பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை தானாகவே குறையத் தொடங்குகிறது என்பதையும், மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 51 வயதில் பட்டினியால் மட்டும் இளைப்பது கைமுதலிலேயே கை வைப்பதற்குச் சமம்.

என்னிடம் எடை குறைப்புக்காக வருகிறவர்களை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன், சுவரோரம் கிடக்கும் கைப்பிடி இல்லாத மர நாற்காலியில் உட்காரச் சொல்வேன். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது வழக்கம். அறுபதைத் தொட்ட பெண்களே 12 தடவையாவது எழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மகன் திருமணத்துக்கு முன் 11 கிலோ குறைத்துவிட்டுப் பெருமையோடு வந்த பள்ளத்தூர் அம்மா ஒருவர், ஏழு தடவை எழுந்தார். எட்டாவதில் கைகள் இரண்டும் அவரை அறியாமலேயே முழங்காலுக்கு இறங்கி ஊன்றிக்கொண்டன. "புடவை தடுக்குது டாக்டர்" என்று சிரித்தார். புடவை தடுக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். நான்கு மாதம் எடைப் பயிற்சி செய்துவிட்டு வந்தபோது அதே நாற்காலியில் 14 தடவை எழுந்தார். அந்த நான்கு மாதத்தில் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. ரவிக்கையை மட்டும் இடுப்புப் பக்கம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்ததாம்.

ஓர் அம்மாவின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைக் கடந்த, உடல் பருமனுள்ள 160 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உணவுக் குறைப்போடு நடை போன்ற மூச்சு வாங்கும் பயிற்சியும், இன்னொரு பிரிவினருக்கு உணவுக் குறைப்போடு எடைப் பயிற்சியும், வேறொரு பிரிவினருக்கு இரண்டும் கலந்தும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று பிரிவினருக்கும் உடல் எடை ஒரே அளவாக, 9 விழுக்காடு குறைந்தது. ஆனால் நடைப் பிரிவினர் கொழுப்பல்லாத உடல் எடையில் 2.7 கிலோவை இழந்தார்கள். எடை தூக்கியவர்கள் இழந்தது 1 கிலோதான். இடுப்பெலும்பின் அடர்த்தியும் நடைப் பிரிவில் 3 விழுக்காடு குறைய, எடைப் பயிற்சிப் பிரிவில் அரை விழுக்காடே குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் எல்லாரையும்விட அதிகமாகத் தேறியது இரண்டையும் கலந்து செய்தவர்களுக்குத்தான். ஆகவே உங்கள் ஊருணிக் கரை நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு இதையும் சேர்க்கச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் பேசிக்கொள்ளும் வாராந்திர எடைக் குறைப்பு ஊசி போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் அதிலும் பசி குறைந்து எடை வேகமாக இறங்கும்போது தசையும் கூடவே போகிறது.

நாத்தனாரின் அச்சங்களுக்கு வருகிறேன். கொழுப்பு கல்லாக இறுகாது. கொழுப்பும் தசையும் வேறு வேறு திசுக்கள், ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. எடை ஏறும் என்று அவர் சொன்னதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது தசை இழைகள் லேசாக வீங்கும். தசை தன் சர்க்கரைச் சேமிப்பைக் கூட்டிக்கொள்ளும். அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் முள் அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறிக் காட்டலாம். அது தண்ணீர். பலர் இந்த இடத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

தோள் ஆண்களைப் போலாகும் என்பதற்கோ இடமே இல்லை. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு பெண்களுக்கு ஆண்களில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதிலும் சாப்பாட்டைக் குறைத்து வைத்திருக்கும்போது தசை எளிதில் பருக்காது, இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். இளவட்டக்கல் தூக்கிய மாப்பிள்ளைகளைப் பற்றித்தான் நம் பக்கத்தில் கதை சொல்கிறோம். அதே காலத்தில் நம் ஆயாக்களும் அப்பத்தாக்களும் ஊருணியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தண்ணீர் கொண்டுவந்து, உரலில் உலக்கையும் போட்டார்கள். நிறைகுடம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. அதை யாரும் பயிற்சி என்று சொல்லவும் இல்லை, அவர்கள் தோளைக் குறை சொல்லவும் இல்லை. வீட்டுக்குள் குழாயும் கிரைண்டரும் வந்த பிறகு அந்தச் சுமை போய்விட்டது; அதற்கு ஈடாக எதையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை.

மகளும் கேட்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. தசை கூடினால் உட்கார்ந்திருக்கும்போதே கொழுப்பு எரியும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு 4 அல்லது 5 கலோரி. வித்தியாசம் ஒரு கைமுறுக்கில் ஒரு சுற்றுக்குக்கூடக் காணாது. எனவே "எடை தூக்குகிறேனே" என்று கந்தரப்பத்துக்கும் சீயத்துக்கும் சலுகை கொடுத்தால் முள் மேலேதான் போகும்.

உங்களைப் பொறுத்தவரை பெரிய லாபம் சர்க்கரையில் இருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை; நீங்கள் 6.1-இல் நிற்கிறீர்கள். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். வேலை செய்கிற தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிடங்கைச் சுருக்கிக்கொண்டே சர்க்கரையைக் கட்டுப்படுத்த நினைப்பது பொருந்தாது.

ஆறு வாரமாக எடை அசையாததற்கு வியப்படைய வேண்டாம். 79 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட அளவு உணவு 71 கிலோ உடம்புக்குத் தேவையில்லை, ஆகையால் முதலில் பற்றாக்குறையாக இருந்த சாப்பாடு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது. இன்னும் குறைக்கிறேன் என்று பகல் சாப்பாட்டிலும் கை வைக்காதீர்கள். ஆரம்ப எடையில் பத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கெனவே குறைத்துவிட்டீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதுவே கணிசமான உதவி. அடுத்த ஆறு மாதத்தில் 66 கிலோவைத் தொட்டால் போதும்.

நீங்கள் எழுதியதிலிருந்து ஊகித்தால், உங்கள் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 30 முதல் 35 கிராம் புரதம்தான் சேர்கிறது. எடை குறைக்கும் காலத்தில் உங்களுக்கு 65 முதல் 75 கிராம் வேண்டும். காலையில் மூன்று இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும் என்றால் அதிலேயே ஏறக்குறைய 16 கிராம் கிடைத்துவிடும். மதியம் சோற்றைக் கால் பங்கு குறைத்து, பருப்பைக் கெட்டியாகவும் தயிரை ஒரு கிண்ணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாலும் பழமும் என்பதை மாற்றி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டலும் பாலும் என்று ஆக்குங்கள். கவுச்சி சாப்பிடும் நாளில் மீனோ கோழியோ நூறு கிராம் போதும், அதில் 20 கிராமுக்குமேல் புரதம் இருக்கிறது. நம் ஊர்க் கோழிக் குழம்பில் குற்றம் கோழியில் இல்லை, மேலே மிதக்கிற எண்ணெயில் இருக்கிறது; ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்குக் குறையாது. கவுனி அரிசி இளைக்க வைக்கும் என்று யாராவது சொன்னால், சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்ட கவுனியை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போதும், திங்களும் வியாழனும்போல இடைவெளி விட்டு. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, பெரிய தசைகளுக்கான பயிற்சியை இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது. ஜவுளிக்கடை கட்டைப்பை இரண்டில் ஒன்றரைக் கிலோ அரிசியைத் தனித்தனியே நிறுத்துப் போட்டால் உங்கள் எடை தயார். முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அடுத்து, சுவரில் இரு கைகளையும் பதித்துச் சாய்ந்து மீள்வது. பிறகு, மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை விலா வரை இழுப்பது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து இடுப்பை மட்டும் உயர்த்துவது. தூணைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. கடைசியாக இரண்டு கைகளிலும் பையோடு, நிமிர்ந்த முதுகுடன் வளவை, அதாவது வீட்டு முற்றத்தை, இரண்டு சுற்றுச் சுற்றி வருவது. இந்தச் சுற்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை; அது ஒரு செட். முதல் இரண்டு வாரம் ஒரு செட், பிறகு இரண்டு செட். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். இருபது முப்பது தடவை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் அந்த எடை உங்களுக்குப் போதாது. அரைக் கிலோ அரிசி கூட்டுங்கள். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையில் காலுறையோடு நின்று செய்யாதீர்கள், வெறுங்காலே பாதுகாப்பு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டும்.

தொடங்குவதற்கு முன் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், உட்கார்ந்தும் நின்றும். எடை 8 கிலோ குறைந்த பிறகு பழைய மாத்திரை அளவே உங்களுக்கு அதிகமாகியிருக்கலாம். சோர்வுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அழுத்தம் 180-க்கு 110-ஐத் தொட்டிருந்தால் அது இறங்கும்வரை எடையைத் தொடவே கூடாது. தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும், எனவே தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுங்கள். கர்ப்பப்பை இறக்கம், குடலிறக்கம், நெஞ்சு வலி, நீரிழிவால் விழித்திரையில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

எடையை வாரம் ஒரு தடவைக்குமேல் பார்க்காதீர்கள். அதைவிட, தொப்புளை ஒட்டித் தையல்காரர் டேப்பால் இடுப்பை அளந்து மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எட்ட வேண்டிய இலக்கு. நாற்காலி எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதினால், எடையைச் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை.

அம்மிக் குழவி வேண்டாம். பிடிக்கக் கைப்பிடி கிடையாது, வழவழப்பானது, வியர்த்த கையிலிருந்து நழுவினால் கால்விரல் போய்விடும். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டவும் அதில் வழியில்லை. அதை அம்மிமேலேயே வைத்து, வாரம் இரண்டு நாள் துவையல் அரைத்துக்கொள்வதற்கு என் தடை ஏதும் இல்லை.