ஃப்யூயல் பம்ப்பைப் பெரிதாக்கினால் காரின் பிக்கப் கூடுமா?

கேட்டவரிடம் இருப்பது 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். இஞ்சினில் வேறு எதையும் மாற்றவில்லை. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்றைப் போட்டால் பிக்கப் எகிறும் என்று ஒரு கடையில் சொன்னார்களாம். எகிறுமா என்கிறார்.

எகிறாது. பர்ஸ்தான் இளைக்கும்.

பம்ப்பின் வேலை, டேங்கில் இருக்கும் பெட்ரோலைச் சரியான அழுத்தத்தில் இஞ்சினுக்குள் தெளிக்கும் குழாய்முனையான இன்ஜெக்டரின் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்துவது. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்த அழுத்தம் 3 முதல் 4 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதற்குமேல் எவ்வளவு உள்ளே விடலாம் என்பது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எடுக்கும் முடிவு. சென்சார் காட்டும் காற்றின் அளவைப் பார்த்து, இன்ஜெக்டரை அது சில மில்லிவிநாடிகள் திறந்து மூடுகிறது. பந்தியில் பரிமாறுபவர் எத்தனை வாளியோடு வந்து நின்றாலும், உட்கார்ந்திருப்பவர் வயிறு கொள்வதுதான் கணக்கு. இங்கே வயிறு என்பது காற்று.

எண்ணிலேயே பார்த்துவிடலாம். உங்கள் இஞ்சின் சுமார் 83 குதிரைத்திறன். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, உச்ச பவரில் ஓட்டினாலும் அது குடிப்பது மணிக்கு 25 லிட்டருக்குப் பக்கத்தில்தான். கம்பெனி பம்ப்பே அதைவிடத் தாராளமாகத் தரும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு ஆறேழு சதவீதம் கூடுதலாக வேண்டும். அதையும் அந்த பம்ப்பே சமாளித்துவிடும். பிறகு பத்து மடங்கு தள்ளும் பம்ப் எதற்கு?

சரி, அழுத்தத்தையே கூட்டினால்? 3 பார் 4 பாராக ஏறினால் இன்ஜெக்டர் வழியே வருவது சுமார் 15 சதவீதம் கூடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து, ஈசியூ மறுபடி குறைத்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் கூடிக் கலவை கொழுத்துப் போகலாம். ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று என்ற எடைக் கணக்கில்தான் நல்ல பவர் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே அங்கேதான் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் பவர் குறையும், பிளக் கறுக்கும், மைலேஜ் போகும்.

“பம்ப் மாற்றினேன், வண்டி பறக்குது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய பழைய பம்ப் செத்துக்கொண்டிருந்திருக்கும். என் நண்பரின் கார் ஒன்று ஊருக்குள் ஒழுங்காக ஓடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மட்டும் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் சரியாகவே காட்டியது. லோடு ஏறியதும் ஊசி விழுந்தது. அதே அளவு கம்பெனி பம்ப்பைப் புதிதாக மாட்டியதும் சரியாகிவிட்டது. அவர் இன்றும் “பவர் ஏத்தினேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன பவர் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

பெரிய பம்ப்பால் கெடுதலும் உண்டு. இப்போதைய கார்களில் அழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் பெரும்பாலும் டேங்குக்குள், பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். அதன் சின்னத் துவாரம் இவ்வளவு ஓட்டத்தைத் திருப்பி விட முடியாமல் திணறினால் ஐடிலில் அழுத்தம் ஏறும். பெரிய மோட்டார் இழுக்கும் கரண்டுக்குப் பழைய வயரும் கனெக்டரும் சூடாகும். டேங்குக்குள் இருக்கும் கனெக்டர் என்பதை நினைவில் வையுங்கள்.

உண்மையிலேயே பெரிய பம்ப் தேவைப்படுவது, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ போட்டவர்களுக்கும், அந்தக் காற்றழுத்தமான பூஸ்ட்டை ஏற்றி ஈசியூ கணக்கை மாற்றி ரீமேப் செய்தவர்களுக்கும். கோவைக்குப் பக்கத்திலுள்ள செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக் மாதிரியான இடங்களில் வண்டியை விரட்டுபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1 பார் பூஸ்ட் வந்தால், இன்ஜெக்டர் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் பெட்ரோலைத் தெளிக்க வேண்டும்; அதனால் லைனிலும் 1 பார் கூட வேண்டும். ஆனால் அழுத்தம் ஏற ஏற எந்த பம்ப்பும் தள்ளும் அளவு குறையும். அதாவது பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரத்தில்தான் பம்ப் கை விரிக்கும். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து, சூடு ஏறி, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து, பிஸ்டன் உருகும் வரை போகலாம். அங்கேகூட பவரைத் தருவது டர்போதான்; பெரிய பம்ப் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது.

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் கேம்ஷாஃப்ட் ஓட்டும் தனி ஹை பிரஷர் பம்ப் இருக்கும், 200 பாரெல்லாம் சாதாரணம். அங்கே டேங்க் பம்ப்பை மட்டும் பெரிதாக்கினால் போதாது. அப்புறம், பழைய பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கார்புரேட்டரோடு இணைக்காதீர்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது, சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் வழியும்.

உங்கள் வண்டியில் இழுவை குறைந்ததுபோல் தோன்றினால், மெக்கானிக்கிடம் கேஜ் மாட்டச் சொல்லி, லோடில் ஓட்டிப் பாருங்கள். ஊசி விழுந்தால் முதலில் பம்ப்பின் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னர், பெட்ரோல் ஃபில்டர், பம்ப்புக்கு வரும் வோல்டேஜ் மூன்றையும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் கம்பெனி பம்ப்பையே புதிதாகப் போடுங்கள். ஊசி அசையவில்லையா, பம்ப்பை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கிளட்ச் பக்கம் போங்கள்.