நிறுத்திய காரில் டேஷ்கேம் ஓடினால் பேட்டரி இறங்குமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் நிறுத்துகிறேன். ஆறு மாதத்தில் இரண்டு முறை வலது பக்கக் கதவை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். கார் நிற்கும்போதும் பதிவுசெய்யும் டேஷ்கேம் போட நினைக்கிறேன். கடைக்காரர், "பேட்டரியிலிருந்து டைரக்டா லைன் கொடுத்துடலாம் சார்" என்கிறார். காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகுமோ என்று பயம். பெட்ரோல் ஹேட்ச்பேக், மூன்று வருடம் ஆன பேட்டரி.

பதில்: கடைக்காரர் சொல்கிறபடி செய்தால் நீங்கள் பயப்படுவது ஒருநாள் நடந்தே தீரும். முறையாக இணைத்தால் நடக்காது.

கணக்கைப் பாருங்கள். சாதாரண டேஷ்கேம் ஒன்று உங்கள் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். இரவு பத்து மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஆக, ஒரு இரவு ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளி இரவு நிறுத்திவிட்டு ஊருக்குப் போய், திங்கள் காலை வந்தால்? அறுபது மணி நேரம், 18 ஆம்பியர்-மணி. பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்று வருடப் பேட்டரி புதிதில் இருந்த அளவு தாங்காது. அதோடு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுக்கொண்டு நெரிசலில் இருபது நிமிடம் ஓட்டினால் இழந்தது முழுதாகத் திரும்பி வராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி, ஒருநாள் காலை 'டிக் டிக்' என்று நின்றுவிடும்.

இதைத் தடுப்பதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஹார்டுவயர் கிட் என்று கேளுங்கள். அது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கேமராவுக்குக் கொடுக்கும். அதைவிட முக்கியம், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கேமராவைத் தானே அணைத்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல கிட்கள் 11.6 அல்லது 11.8-இல் அணையும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. மாட்டிக் கொடுப்பவர் அதைத் தொடுவதே இல்லை. கிட்டிலேயே சின்ன சுவிட்ச் இருக்கும், இல்லையென்றால் கேமரா மெனுவில் இருக்கும். உங்கள் பேட்டரிக்கு 12.2 வையுங்கள். நேரம் வைக்கும் வசதி இருந்தால் 12 மணி நேரம் என்று வையுங்கள். கேமராவுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இந்தப் பெட்டிக்கும் கொடுங்கள். அணையும் வோல்ட் அளவு அட்டையில் எழுதப்படாத கிட்டை வாங்கவே வேண்டாம்.

இப்போது அந்த 'டைரக்ட் லைன்' விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடமாகக் கார் மின்வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு காராவது இப்படி என்னிடம் வருகிறது. காரின் ஒயரைத் தோல் சீவி, கேமரா ஒயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி, ஆறு மாதத்தில் கழன்றுவிடும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் தீப்பிடிக்கும். அது மட்டுமில்லை, ஒயரை வெட்டிவிட்டால் அந்த மின்பகுதிக்கு வாரன்டி கேட்டுப் போக முடியாது. 'எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க' என்பார்கள். நம்பாதீர்கள்.

சரியான வழி 'ஃபியூஸ் டேப்' (fuse tap) என்ற சின்ன இணைப்பான், சுற்றும் டேப் இல்லை. காரின் எந்த ஒயரையும் வெட்டாமல், ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும் ஒரு ஃபியூஸின் இடத்தில் செருகி, பழைய ஃபியூஸையும் கேமராவுக்கான 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸையும் அதிலேயே போடலாம். கிட்டில் மூன்று ஒயர் வரும். ஒன்று எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு. ஒன்று சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு. மூன்றாவது பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டுக்கு. முதல் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் கேமராவுக்குக் கார் நிற்பதே தெரியாது, நிற்கும்போது பதிவுசெய்யும் பார்க்கிங் மோட் வேலை செய்யாது. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. அப்புறம், காரைப் பூட்டியதும் சில ஃபியூஸ்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் இருந்துவிட்டுத்தான் போகும். பூட்டி இருபது நிமிடம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'அவ்வளவு நேரமெல்லாம் நிக்க முடியாது சார்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் உள்ள கார் என்றால், ஒயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் விபத்தில் அது விரிவதைத் தடுக்கும். இதை நின்று கண்ணால் பாருங்கள்.

கேமராவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமிக்கும் சின்னப் பாகம்) உள்ளதாக வாங்குங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். அதே காரணத்தால் பவர் பேங்கைக் காரில் விட்டு ஓட்டும் யோசனையும் வேண்டாம். மெமரி கார்டு, திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்கும் 'ஹை என்டியூரன்ஸ்' வகையாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை. 'அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே' என்று நினைக்கிறார்கள். கேமரா அதிலிருந்து ஓடுவதில்லை. எலெக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி தனியாக ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. அது இறங்கினால், பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தாலும் கார் நகராது. சில மாடல்கள் நிற்கும்போதே 12 வோல்ட் பேட்டரியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும், சில செய்யாது. உங்கள் அடுத்த கார் எலெக்ட்ரிக் என்றால் கையேட்டில் இதைத் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் கேமரா மாட்டுங்கள்.

உங்களுக்கு நடந்தது வலது கதவில் உரசல். முன் கேமராவில் கதவு தெரியாது. ஆனால் தெருவின் இடது ஓரம், போக்குவரத்து போகும் திசையிலேயே நிறுத்தியிருந்தால், உரசிய வண்டி பெரும்பாலும் உங்களைத் தாண்டி முன்னால்தான் போகும். அப்போது அதன் பின் நம்பர் பிளேட் பதிவாக வாய்ப்பு உண்டு. தெருவிளக்கு பக்கத்தில் நிறுத்துங்கள், இருட்டில் எந்தக் கேமராவும் நம்பரைப் படிக்காது. லேசான உரசல் அதிர்வு சென்சாருக்கு எட்டாமல் போகலாம். அதனால், அதிர்வுக்குக் காத்திருக்காமல் சிறு இடைவெளி விட்டுத் தொடர்ந்து படம் எடுக்கும் டைம்லாப்ஸ் முறையில் வையுங்கள்.

நம்பர் கிடைத்த பிறகும் அலைச்சல்தான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. வழக்கு என்று போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கதவு உரசலுக்காகச் சாதாரண மனிதர் நிபுணரை எங்கே போய்த் தேடுவார்? எளிமையாக ஒரு வழி செய்து தந்திருக்கலாம், செய்யவில்லை. நான் பார்த்தவரை, வீடியோவை எதிராளியிடம் காட்டிப் பேசும்போதே பெரும்பாலான விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்காகவாவது, சம்பவம் தெரிந்த உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள், ஓடவிட்டால் மேலேயே பதிவாகி அழிந்துவிடும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என்னிடம் வரும் பாதிக் கேமராக்களில் வருடமே தப்பாக இருக்கிறது.