மகனுக்குத் தீ எச்சரிக்கை மணியில் ஆசை

அக்கா, ஹோட்டலில் அலாரம் அடித்ததில் மிரண்டுபோன உங்கள் 13 வயது மகன், இப்போது பழைய அலாரங்களைச் சேர்க்க வேண்டும் என்று நிற்கிறான், இது ஏதும் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இல்லை. அமெரிக்காவில் இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடத் தீப் பயிற்சியில் மணிக்குப் பயந்த பிள்ளைகள்தான் அவர்களில் பலர். எங்கே மாட்டியிருக்கிறது, எப்போது அலறும் என்று கவனித்துக் கவனித்தே பயம் ஆர்வமாகிவிடும். அப்புறம் மொடல், சத்தத்தின் தாளம் என்று ஆராய்ச்சிதான்.

யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்றால், கட்டடம் திருத்தும் ஒப்பந்தக்காரரிடமும் பழைய இரும்புக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியை அமுக்கும் சிவப்புப் பெட்டியில் தொடங்கட்டும், அது வெறும் சுவிட்ச்தான். சுவரில் வேலை செய்துகொண்டிருப்பதைத் தொடவே கூடாது என்று முதலே சொல்லி வையுங்கள்.

புகை உணரியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய அயனியாக்க (ionization) வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கும். மூடியபடி வைத்திருந்தால் பயமில்லை, கழற்றிப் பார்க்க விடாதீர்கள். அலாரத்தில் சத்தம் போடும் ஹோர்ன்கள் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. வீட்டு 230 வோல்ட்டில் நேரே கொடுத்தால் ஆபத்து. லேபிளைப் பார்த்து, தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு இணையுங்கள். காதுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம். அயலட்டைக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாளியோடு ஓடி வருவார்கள்.